அரிசோனாவில் ஒன்பது நாட்கள்: தம்பியுடன் ஒரு கார்ப் பயணம்

(சங்கக் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கிளைச் செயலாளர் என்னிடம், "சார், நீங்க அமெரிக்கா போய்வந்ததைப் பத்திப் பேசுங்களேன்" என்று மூன்று கூட்டமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தச் சபையில் அமெரிக்கா போகாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ ஆறு மாதம் இருந்து, பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி, நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான் பாதிப்பேர். ஆகையால் அந்தக் கதையைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. 2024 செப்டம்பரில் நானும் என் தம்பியும், நாங்கள் இருவர் மட்டும், அரிசோனா பாலைவனத்தில் ஒன்பது நாட்கள் காரில் சுற்றினோம். சுமார் 1,400 கிலோமீட்டர். அப்போது எனக்கு 76 வயது, அவனுக்கு 72.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் இருந்தார். நாங்கள் நாக்பூரில் வளர்ந்தோம். நான் பி.எஸ்ஸி.யில் பௌதிகம் எடுத்து, நிலவியலைத் துணைப்பாடமாகப் படித்து, கடைசியில் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் 36 வருஷம் கணக்குப் பார்த்தேன். தம்பி என்ஜினீயரிங் முடித்து 1977-இல் அமெரிக்கா போனான். அதன்பிறகு 47 வருஷத்தில் நாங்கள் சந்தித்ததெல்லாம் உபநயனம், கல்யாணம், அப்பா அம்மா காரியம் இவற்றில்தான். அந்த நாட்களில் யார் யாரோடு பேச முடியும்? வந்தவர்களை உபசரிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

2022-இல் அவன் மனைவி காலமானாள். ஃபீனிக்ஸ் நகரத்தில் பெரிய வீட்டில் அவன் தனியாக இருந்தான். 2024 ஆரம்பத்தில் ஒருநாள் தொலைபேசியில், "அண்ணா, எனக்குக் கண்ணில் கிளாக்கோமா. டாக்டர் ராத்திரி கார் ஓட்டக்கூடாதுன்னுட்டார். பகல்ல இப்போதைக்கு ஓட்டலாம். ஒரு வருஷத்துல அதுவும் நின்னுடும்னு நினைக்கிறேன்" என்றான்.

இந்த வியாதியைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. முதலில் பக்கப் பார்வை போகும். நேர்ப்பார்வை கடைசிவரை இருப்பதால் நமக்கே தெரியாது. போன பார்வை திரும்பி வராது. இருப்பதைச் சொட்டு மருந்தாலும் சிகிச்சையாலும் காப்பாற்றிக்கொள்ளலாம். நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஃபீனிக்ஸ் மாதிரி ஊரில் கார் ஓட்ட முடியாதவனுக்குக் கடையும் இல்லை, கோயிலும் இல்லை. குடும்பத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சென்னையில் இருக்கும் எங்கள் தங்கை, "அண்ணா, நீ போய் அவனை இங்கேயே அழைச்சுண்டு வந்துடு" என்றாள். பாஸ்டனில் இருக்கும் அவன் பெண்ணோ, "பெரியப்பா, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பார். எங்க ஆத்துக்கு வரச்சொல்லுங்கோ" என்றாள். அவன் இரண்டுக்கும் பிடிகொடுக்கவில்லை. இரண்டு பேருடைய வக்காலத்தையும் வாங்கிக்கொண்டு நான் விமானம் ஏறினேன்.

போய் இறங்கிய மூன்றாம் நாள் அவன், "பேச்செல்லாம் அப்புறம். நான் தூரமா ஓட்டப்போறது இதுதான் கடைசி. கிராண்ட் கேன்யனோட ரெண்டு கரையையும் உனக்குக் காட்டணும்" என்றான். டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தான். இரண்டு நிபந்தனைகள் போட்டுக்கொண்டோம். மாலை நாலு மணிக்குமேல் வண்டி ஓடாது. வலது பக்கம் வருவதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சின்ன வயதில் ரயிலில் ஜன்னலோர இடத்துக்காக அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். இப்போது ஜன்னல் எனக்கே கிடைத்தது, ஆனால் வேலையோடு கிடைத்தது.

ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். வடக்கே ஃப்ளாக்ஸ்டாஃப் ஊர் 2,100 மீட்டர். ஒரே நாளில் இவ்வளவு ஏறும்போது செடிகொடிகள் மாறுவதைப் பார்க்கவேண்டும். கீழே சகுவாரோ என்னும் ராட்சசக் கள்ளிகள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போலீஸ்காரர் மாதிரி இருக்கும். அந்தக் கள்ளிக்கு முதல் கிளை விடவே 50 முதல் 75 வருஷம் ஆகுமாம். "நமக்கு ஓயற வயசுல அதுக்குக் கை முளைக்கறது" என்றான் தம்பி. மேலே போகப்போகக் கள்ளி மறைந்து, உயரமான பைன் மரக்காடு வந்துவிட்டது.

கிராண்ட் கேன்யனைப் பற்றிப் புள்ளிவிவரம் சொல்லலாம். நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் ஒரு மைலுக்கும் மேல். 1919-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் தெற்குக் கரையின் விளிம்பில் நின்றதும் இந்த எண்கள் ஒன்றும் ஞாபகம் வராது. மேலே வெளிர்மஞ்சள், அப்புறம் வெள்ளை, அப்புறம் சிவப்பு என்று அடுக்கடுக்காகப் பாறை. அடியில் கறுப்பு. அதற்கும் நடுவில் நூல் மாதிரி கொலராடோ நதி.

இதை வெட்டியது அந்த நதிதான். பூமி மெல்ல மேலெழும்ப, நதி மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு அறுத்துக்கொண்டே போயிற்று. வெட்டுவதற்கு ஆன காலம் பெரும்பாலும் கடைசி 50, 60 லட்சம் வருஷம். வெட்டுப்பட்ட பாறைகளின் வயதோ வேறு. உச்சியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு 27 கோடி வருஷம். அதில் கடல்வாழ் உயிரினங்களின் சுவடு இருக்கிறது. ஏழாயிரம் அடி உயரத்தில் நாம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கடலடி. நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு பெரிய சிவப்புச் சுவர் உண்டு. உண்மையில் அது சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. மேலடுக்குகளிலிருந்து மழையில் வழிந்த இரும்புத் துருவின் சாயம்தான் அந்தச் சிவப்பு.

அடியில் இருக்கும் கறுப்புப் பாறைக்கு சுமார் 175 கோடி வருஷம். அதன் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு ஷிஸ்ட்! பக்கத்திலேயே பிரம்மா, ராமா என்ற பெயரிலும் பாறைகள் உண்டு. பள்ளத்தின் நடுவே நிற்கும் சிகரங்களில் ஒன்று விஷ்ணு கோயில், ஒன்று சிவன் கோயில், ஒன்று பிரம்மா கோயில். அமெரிக்க ராணுவ அதிகாரியும் நிலவியல் அறிஞருமான கிளாரன்ஸ் டட்டன் 1880-களில், இந்தச் சிகரங்கள் கீழைநாட்டுக் கோபுரங்கள் போல இருக்கின்றன என்று இந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்தார். சிவன் கோயில் உச்சிக்கு 1937-இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு குழுவை அனுப்பியது. தனித்து நிற்கும் சிகரத்தில் மிருகங்கள் தனியாகப் பரிணமித்திருக்குமோ என்று பார்க்க. எலி, அணில்களில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தார்கள்.

என் துறைக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த விஷ்ணு பாறைக்கு நேர் மேலே, பல இடங்களில், சுமார் 50 கோடி வருஷத்து மணற்பாறை உட்கார்ந்திருக்கிறது. நடுவில் 120 கோடி வருஷத்துக்கான பாறை காணோம்! உருவானதெல்லாம் அரித்துப் போயிற்று. லெட்ஜரில் நடுப்பக்கங்களைக் கிழித்த மாதிரி. இதை நிலவியலில் பெரும் இடைமுறிவு என்கிறார்கள். இதைப் பார்க்க அமெரிக்காதான் போகவேண்டும் என்பதில்லை. திருமலைக்குக் காரிலோ பஸ்ஸிலோ ஏறும்போது, மலைப்பாதையின் ஓரத்தில் கீழே கிரானைட், மேலே அடுக்குப் பாறை என்று தெரியும். அதுவும் இதே போன்ற இடைமுறிவுதான், சுமார் 80 கோடி வருஷ இடைவெளி. நம் நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அடுத்த தடவை கோவிந்தா போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகவும் பாருங்கள்.

தெற்குக் கரையில் 2010-இல் காலநடை என்று ஒரு பாதை திறந்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் பின்னால் போனதாகக் கணக்கு. அந்தந்த வயதுப் பாறையை அங்கங்கே வைத்திருக்கிறார்கள். விஷ்ணு பாறைக்குப் போய்ச்சேர 1,750 மீட்டர் நடக்கவேண்டும். வழியில் மூன்று பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தோம். நான் மனக்கணக்குப் போட்டேன். ஆயிரம் வருஷம் ஒரு மில்லிமீட்டர். எங்கள் 75 வருஷம் ஒரு தலைமுடியின் கனம். "அதுல பாதியை நீ அங்கேயும் நான் இங்கேயும் கழிச்சுட்டோம்" என்றான் தம்பி. அந்த நாள் முழுவதும் அவன் பேசிய சொந்த விஷயம் அது ஒன்றுதான்.

சங்கல்பத்தில் கல்பம், மன்வந்தரம் என்று தினமும் சொல்கிறோம். ஒரு கல்பம் 432 கோடி வருஷம். பூமியின் வயது 454 கோடி என்கிறது விஞ்ஞானம். அதனால் நம் முன்னோர்கள் பாறையைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இவ்வளவு பெரிய எண்ணை நினைக்க அவர்கள் பயப்படவில்லை என்று மட்டும் சொல்வேன்.

அங்கிருந்து பேஜ் என்ற ஊர். வழியெல்லாம் நவஹோ பழங்குடியினரின் நிலம். 71,000 சதுர கிலோமீட்டருக்கு அவர்களுடைய தன்னாட்சி. அங்கே ஒரு வேடிக்கை. அரிசோனாவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள். எங்கள் செல்பேசிகள் ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாகத் தாவிக்கொண்டிருந்தன. சாயங்கால சந்தியை சூரியனைப் பார்த்துத்தான் செய்தோம். அதுதானே முறை.

ஆன்டிலோப் என்ற குறுகிய பிளவுப் பள்ளத்தாக்கை நவஹோ வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் படும் இடங்கள் உண்டு. மேலிருந்து வெயில் விழும்போது பாறை தணல் மாதிரி ஒளிர்கிறது. வெள்ளம் அறுத்த இடம் அது. 1997 ஆகஸ்டில் வானம் இங்கே வெளுத்திருக்க, பல மைலுக்கு அப்பால் பெய்த மழையின் தண்ணீர் திடீரென்று கீழ்ப் பள்ளத்தாக்கில் பாய்ந்து 11 பேர் இறந்துபோனார்கள். எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண். நாங்கள் அண்ணன் தம்பி என்று தெரிந்ததும் தன்னை முறையாக அறிமுகம் செய்துகொண்டாள். தாய்வழிக் குலம் இது, தகப்பனார் குலம் இது என்று. அவர்களில் குலம் தாய்வழியில் வரும். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. நான் அபிவாதயே சொல்லும் முறையையும் கோத்திரத்தையும் விளக்கினேன். அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள்.

பேஜ் ஊரில் 216 மீட்டர் உயர அணை ஒன்று கொலராடோ நதியை மறிக்கிறது. 1963-இல் தண்ணீர் தேக்க ஆரம்பித்து, பவல் ஏரி முதன்முதலாக நிரம்ப 1980 ஆயிற்று. 1869-இல் ஒன்பது பேரோடு நான்கு படகுகளில் இந்த நதியில் இறங்கிய, ஒரு கை இழந்த பேராசிரியர் ஜான் வெஸ்லி பவலின் பெயர் அது. ஏரியின் பாறைச் சுவர்களில் பழைய நீர்மட்டம் வரை வெள்ளைப் பட்டை. 2023-இல் அதுவரை இல்லாத அளவுக்கு நீர் இறங்கிவிட்டது. 1922-இல் ஏழு மாநிலங்களுக்காக இந்த நதியை இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் 75 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 327 டி.எம்.சி. மொத்தம் 653. நமக்குப் பழக்கமான காவிரியில் 2007-இல் நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட கணக்கு 740 டி.எம்.சி. இவர்கள் அளந்த வருஷங்களில் வழக்கத்தைவிட அதிக மழை. ஆகவே நதியில் இல்லாத தண்ணீரையும் பங்கு போட்டுவிட்டார்கள். பட்ஜெட்டில் வரவை உயர்த்திக் காட்டினால் என்ன ஆகும் என்று தணிக்கைக்காரனுக்குச் சொல்லவேண்டுமா?

தெற்குக் கரைக்கும் வடக்குக் கரைக்கும் நேர்த் தூரம் 16 கிலோமீட்டர். எதிரே கண்ணுக்குத் தெரிகிறது. காரில் போக 345 கிலோமீட்டர். வழியில் நவஹோ பாலத்தில் கான்டோர் என்னும் பெரிய கழுகுகளைப் பார்த்தோம். 1982-இல் உலகத்திலேயே 22 மட்டும் மிஞ்சிய இனம். கூண்டில் வளர்த்து, 1996 முதல் இந்தப் பக்கத்தில் திரும்ப விடுகிறார்கள். நம் ஊரில் கால்நடை மருந்து ஒன்றால் பிணந்தின்னிக் கழுகுகள் மாண்டு, 2006-இல் அந்த மருந்தைத் தடைசெய்ததை நினைத்துக்கொண்டேன்.

வடக்குக் கரை இன்னும் ஆயிரம் அடி உயரம். கூட்டம் குறைவு, குளிர் அதிகம். கேப் ராயல் முனையிலிருந்து தம்பி விஷ்ணு கோயில் சிகரத்தைக் காட்டினான். இருவரும் கைகூப்பினோம். அவன் தலையை ஒருபக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கப் பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று சாயங்காலம் விடுதியின் கல் திண்ணையில், எலக்ட்ரிக் குக்கரில் வடித்த சாதத்தில் புளிக்காய்ச்சல் கலந்து சாப்பிட்டபிறகு, அவனே ஆரம்பித்தான்.

"அண்ணா, நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அங்க வந்தா நான் யாராத்துல இருப்பேன்? உனக்கே எழுபத்தாறு. எல்லாராத்துலயும் விருந்தாளியாத்தான் இருப்பேன். குழந்தைகள் இங்க. வைத்தியம் இங்க. அவ இருந்த வீடு இது."

நான் வாதாடவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து மூன்று பத்தி கோடு போட்டேன். ஃபீனிக்ஸ், பாஸ்டன், இந்தியா. ஒவ்வொன்றிலும் நான்கு கேள்வி. கண் டாக்டரிடம் யார் அழைத்துப்போவார்கள்? சாப்பாடு எப்படி? பேச யார்? ராத்திரி குளியலறையில் விழுந்தால் காலையில் யாருக்குத் தெரியும்?

முதல் மூன்று கேள்விக்கு ஃபீனிக்ஸில் ஏதோ பதில் இருந்தது. நான்காவதற்கு அவன் வெகுநேரம் எழுதவில்லை. பிறகு அந்தப் பத்தியின் குறுக்கே அவனே கோடு போட்டான். "ஆனா பொண்ணாத்துக்குள்ள போய் உக்காரமாட்டேன்" என்றான். "உக்காராதே. பக்கத்துத் தெருவுல இரு" என்றேன். குளிர்காலத்தில் பாஸ்டன் பனி அவனுக்கு ஆகாது. அந்த மாதங்களுக்கு இந்தியா என்று மூன்றாவது பத்தியில் எழுதிக்கொண்டான். இதற்கு ஆன நேரம் அரைமணி. அதற்கு முன் ஆறு நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "வலது பக்கம் லாரி, வலது பக்கம் மான்" என்று சொல்லிக்கொண்டு வந்ததால்தான் அந்த அரைமணி வாய்த்தது என்று நினைக்கிறேன்.

2025 மார்ச்சில், யாரும் சொல்லாமலே கார் ஓட்டுவதை நிறுத்தினான். வீட்டை விற்று, பெண் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் எடுத்திருக்கிறான். 2025 டிசம்பரில் இங்கே வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தான். சென்னைத் தங்கைக்கு முழுத் திருப்தி இல்லை. "மூணு மாசம்தானா?" என்கிறாள். பார்வை டாக்டர் சொன்ன அளவிலேயே நிற்கிறது. பகவத் சங்கல்பம்.

2025 ஜூலையில் மின்னலால் மூண்ட காட்டுத்தீயில் வடக்குக் கரையின் அந்த விடுதி எரிந்துபோயிற்று. 1928-இல் கட்டி, 1932-இல் ஒருமுறை எரிந்து, 1937-இல் மறுபடி எழுப்பியது. செய்தியைத் தம்பிதான் சொன்னான். நாங்கள் எழுதிய காகிதம் என் டயரியில் இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஏழாயிரம் அடியில் மூச்சு வாங்கும். முதல்நாள் ஓய்வு எடுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், பாலைவனத்தில் வேர்வை தெரியாமலே உலர்ந்துவிடும். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். சாதத்துக்குப் பொடி வகைகள் போதும். பூங்காக்களின் கட்டண விதிகளைப் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தச் சபையில் பலருக்கு அக்கா, தம்பி, தங்கை கடல்கடந்தோ வேறு மாநிலத்திலோ இருக்கிறார்கள். அவர்களுடைய முதுமையைப் பற்றி நம் குழந்தைகள் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறோம். நேரில் எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். வண்டியில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு போகும்போது பேச்சு தானாக வரும். அதற்கு அரிசோனா வேண்டியதில்லை, குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வழி போதும். அந்த நான்கு கேள்விகளையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும் தெம்பும் பதில் சொல்லும் தெம்பும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.